ரத்த வங்கிக் கணினியில் தேதியை மாற்றிய நாள்

உங்களில் சிலர் இந்த வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் வயரும் பிரிண்டரும்தானே என்று நினைத்து வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். கோவில்பட்டியில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் சேர்ந்து, அங்கேயே இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் பெயர் சண்முகவடிவு. எத்தனை கம்ப்யூட்டரைத் திறந்து மூடினேன் என்பதையெல்லாம் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு கோடைகாலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் செய்ததிலேயே பெரிய தவறும் அதில்தான் நடந்தது, பெரிய வெற்றியும் அதில்தான் வந்தது. தவறு முதலில் வந்ததால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் மருத்துவமனையில் சின்னதாக ஒரு ரத்த வங்கி இருந்தது. நெடுஞ்சாலையில் லாரி விபத்து நடந்தாலும், சுற்றுவட்டாரத்தில் பிரசவம் சிக்கலானாலும் முதலில் எங்களிடம்தான் வருவார்கள். அந்த ரத்த வங்கியை நடத்தியது ஒரு பழைய டாஸ் மென்பொருள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. யார் ரத்தம் கொடுத்தார், எந்த வகை, எந்த ஊர், எந்தத் தேதி, அந்தப் பை எப்போது காலாவதி ஆகும், எல்லாம் அதில் இருந்தது. பைக்கு ஒட்டும் லேபிளை அதுவே அச்சடிக்கும். காலாவதியான பைகள் எவை என்று காலையில் ஒரு பட்டியல் தரும். ஏழு வருஷமாக ஒரு நாள்கூடத் தகராறு செய்ததில்லை.

அதைச் செய்து கொடுத்தது சென்னையில் இருந்த ஒரு கம்பெனி. வருஷத்துக்கு ஒருமுறை, மார்ச் கடைசியில், அவர்கள் போனில் ஒரு கடவுச்சொல் சொல்வார்கள். அதைத் தட்டினால் இன்னும் ஒரு வருஷம் ஓடும்.

அந்த வருஷம் கடவுச்சொல் வரவில்லை. கடிதம் வந்தது. இந்த மென்பொருளுக்கு இனி ஆதரவு கிடையாது, புதிய பதிப்பை வாங்கிக்கொள்ளவும் என்று இருந்தது. புதிய பதிப்பு எங்களிடம் இருந்த ஆறு கம்ப்யூட்டர்களிலும் ஓடாது. ஆறையும் மாற்ற வேண்டும். பிரிண்டரையும் மாற்ற வேண்டும். ஆறும் நல்ல நிலையில் இருந்தன. என் கையாலேயே தூசு தட்டி, விசிறி மாற்றி வைத்திருந்த கம்ப்யூட்டர்கள்.

நான் போன் போட்டேன். அந்தப் பக்கம் ஒரு பையன், பணிவாகத்தான் பேசினான்.

"அந்த ப்ராடக்டோட ஆயுள் முடிஞ்சிருச்சு மேடம்."

"தம்பி, அது நல்லா ஓடுது. ஒரு குறையும் இல்ல. கடவுச்சொல்லை மட்டும் குடுங்க."

"குடுக்கிற வசதியை நாங்க நிறுத்திட்டோம் மேடம்."

"சரி, எங்க விவரத்தையாவது எடுத்துக் குடுங்க."

"புது பதிப்பு வாங்கினா அதுலயே மாத்திக் குடுப்போம்."

மருத்துவமனைச் செயலாளரிடம் போனேன். தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலை, வைத்திருப்பவர். ஊரில் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். ரத்தம் வைக்க இரண்டாவது குளிர்சாதனப் பெட்டி வாங்குவதற்காக அவர் ஒவ்வொரு தீப்பெட்டி ஆபீஸாக ஏறி இறங்கி நன்கொடை திரட்டியிருந்தார். அந்தத் தொகை அப்படியே இதற்குப் போய்விடும்.

"ஏம்மா வடிவு, கம்ப்யூட்டர் எல்லாம் நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி."

"பொறவு எதுக்குத் தூக்கிப் போடச் சொல்லுதான்?"

கொஞ்ச நாள் சமாளிக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் முதல் நாள் காலையில் மென்பொருள் திறக்கவில்லை. உரிமக் காலம் முடிந்தது என்று ஒரு வரி வந்தது. வெளியே ரத்தம் கொடுக்க வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கம்ப்யூட்டரின் தேதியை மார்ச் முதல் நாளுக்குத் திருப்பினேன். மென்பொருள் திறந்துகொண்டது. ஒரு மாதம் கிடைத்துவிட்டது என்று எனக்குள் ஒரே குஷி. யாரிடமும் சொல்லவில்லை. இந்தத் தந்திரம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். அப்போது ஊரில் பாதி ஆபீஸ்களில் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியனாக இருந்தவள் பாக்கியம். எப்போதும்வென்றான் என்ற ஊரில் இருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், என்னைவிட நாலு மடங்கு நிதானம். மூன்றாம் நாள் மத்தியானம் அவள் ஒரு பையைக் கையில் ஏந்திக்கொண்டு என் அறைக்கு வந்தாள். அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டிய ஓர் அம்மாவுக்காக எடுத்த பை.

"வடிவக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க. ஒண்ணாந் தேதியோட முடிஞ்சுபோன பை. இன்னைக்குத் தேதி மூணு. காலைல வந்த பட்டியல்ல இது ஏன் வரல?"

கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அன்றைக்கு மார்ச் மூன்று. காலாவதியான பைகளை எல்லாம் அது நல்ல பைகள் என்று நினைத்துக்கொண்டிருந்தது. மூன்று நாளாகப் பட்டியல் காலியாக வந்திருக்கிறது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. புதிதாக எடுத்த பைகளில் தவறு தலைகீழாக நடந்திருந்தது. அன்று எடுத்த ரத்தத்துக்கு ஒரு மாதம் முந்தைய தேதி விழுந்து, நல்ல ரத்தம் நாலைந்து நாளில் காலாவதி ஆகிவிடும் என்று லேபிள் சொன்னது. ஒரே தேதியை மாற்றி, கெட்டதை நல்லதாகவும் நல்லதைக் கெட்டதாகவும் ஆக்கி வைத்திருந்தேன்.

பாக்கியம் மட்டும் பையைக் கொடுப்பதற்கு முன்னால் லேபிளைப் படிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க இன்றைக்கும் எனக்குத் தைரியம் இல்லை.

"நான்தான் தேதியை மாத்தினேன் பாக்கியம்."

திட்டுவாள் என்று நினைத்தேன்.

"டாக்டர்ட்ட நீங்களே சொல்லுதீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்லுதேன்."

"அப்ப வாங்க. இப்பவே போவோம்."

ரத்த வங்கி டாக்டர் முழுவதையும் கேட்டார். வேலை போய்விடும் என்றுதான் இருந்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "இந்த மூணு நாள்ல எத்தனை பை வெளியே போயிருக்கு?" கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கையாலும் எழுதிவந்த பதிவேட்டைப் பார்த்தோம். நான்கு பை. நான்கின் தேதியையும் கைப்பதிவேட்டில் சரிபார்த்தோம். நான்கும் நல்ல பைகள். அன்று மாலைக்குள் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த ஒவ்வொரு பையையும் வெளியே எடுத்து, பதிவேட்டோடு ஒப்பிட்டு, நானும் பாக்கியமும் கையால் லேபிள் எழுதினோம். மென்பொருளை அணைத்துவிட்டோம். அதற்குப் பிறகு எல்லாம் நோட்டில்தான்.

உங்களுக்கு நெருக்கடி வரும்போது குறுக்கு வழி ஒன்று கண்ணில் படும். அது வேலையும் செய்யும். அதைத் தொடுவதற்கு முன்னால், இந்த எண்ணை வேறு யார் யார் நம்பியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். நான் தேதியைப் பூட்டைத் திறக்கும் சாவியாக மட்டும் பார்த்தேன். பாக்கியத்துக்கு அது ஓர் உயிர் சம்பந்தப்பட்ட எண்.

மறுநாள் அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். டாக்டர் சொல்லியிருக்கிறார் போல. அவர் மேசையில் கம்பெனியின் விலைப்பட்டியல் விரிந்து கிடந்தது.

"இனிமே யோசிக்கதுக்கு ஒண்ணுமில்லம்மா. வாங்கிருவோம். குளிர்பெட்டி அடுத்த வருசம் பாத்துக்கிடுவோம்."

"அண்ணாச்சி, எனக்கு ஒரு மாசம் குடுங்க."

"மறுபடியும் தேதியைத் திருப்பவா?"

அந்த வார்த்தை சுருக்கென்று இருந்தது. ஆனால் நான் ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஒன்றை யோசித்து வைத்திருந்தேன். அதைச் சொன்னேன். பூட்டு மென்பொருளுக்குத்தான். அது எழுதி வைத்த விவரங்கள் எங்கள் கம்ப்யூட்டரில்தான் தனிக் கோப்புகளாக இருக்கின்றன. அவற்றை என்னால் படிக்க முடிந்தால், ரத்த வங்கிக்கு வேண்டிய நிரலை நானே இதே கம்ப்யூட்டரில் எழுதிவிடுவேன்.

அவர் விலைப்பட்டியலை ஒரு பக்கம் தள்ளினார். பிறகு கேட்டார். "இது திருட்டு ஆகாதா?"

"அவிய எழுதின ப்ரோகிராம் அவிய சொத்து அண்ணாச்சி. அதை நான் தொடமாட்டேன். ஆனா ரத்தம் குடுத்தவங்க பேரும் ஊரும் நாம எழுதிச் சேத்தது. அது நம்ம சொத்து."

"சரி. ஒரு மாசம். அதுக்குள்ள ஆகலன்னா வாங்கிருவேன். ஒருத்தர் உயிரோட வெளாட முடியாது, கேட்டியா?"

கோப்புகளைத் திறந்தபோது எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. எந்தப் பூட்டும் இல்லை. மதுரையில் நான் டிப்ளமோ படித்தபோது முதல் பருவத்திலேயே சொல்லிக் கொடுத்த சாதாரண அட்டவணைதான். ஏழு வருஷத்துப் பெயர்கள் வரிசையாக நின்றன. அதை எடுத்துத் தரத்தான் அத்தனை கம்ப்யூட்டரையும் மாற்றச் சொன்னார்கள்.

ஆனாலும் சுலபமாக இல்லை. ரத்த வகையை எழுத்தில் போடாமல் எண்ணில் போட்டிருந்தார்கள். ஒன்று முதல் எட்டு வரை. எந்த எண் எந்த வகை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. கைப்பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் ஒன்று ஏ பாசிட்டிவ், இரண்டு பி பாசிட்டிவ் என்று தெரிந்தது. மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று தேடும் திரையை எழுதத் தொடங்கினேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, கழுகுமலைப் பக்கத்து ஊரில் இருந்து ஒரு கர்ப்பிணியைக் காரில் கொண்டுவந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலை பார்ப்பவள். நஞ்சுக்கொடி கீழே இறங்கி ரத்தப்போக்கு தொடங்கியிருந்தது. சாயங்காலத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும், நான்கு பையாவது கையில் வேண்டும் என்றார்கள். ஓ நெகட்டிவ். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பை. திருநெல்வேலியில் கேட்டோம், தங்களிடமே இல்லை என்றார்கள்.

டாக்டர் என் அறைக்கே வந்துவிட்டார். "வடிவு, அந்தப் பழைய லிஸ்ட் படிக்க முடியுதுன்னீங்களே. ஓ நெகட்டிவ் ஆளுங்க யார் யார்?"

ஏ, பி, ஏபி, ஓ என்றுதான் நாம் எல்லாரும் வாயால் சொல்வோம். அந்த வரிசையில் நான்கு பாசிட்டிவ், பிறகு நான்கு நெகட்டிவ் என்று போனால் எட்டாவது எண் ஓ நெகட்டிவ். எட்டு என்று தட்டினேன். பெயர்கள் வந்துவிட்டன. டாக்டர் குனிந்து படிக்கத் தொடங்கினார். பாக்கியம் போனைக் கையில் எடுத்துவிட்டாள்.

"இருங்க" என்றேன். "எட்டுன்னு நான் ஊகிக்கத்தான் செய்யுதேன். சரிபாக்கல. பத்து நிமிஷம் குடுங்க டாக்டர்."

"பத்து நிமிஷமா? அங்க அந்தப் பொண்ணு..."

"தெரியுது டாக்டர். தப்பான ஆளுங்களைக் கூப்பிட்டு அவங்க வந்து சேர்ந்தப்புறம் தெரிஞ்சா, நமக்கு மத்தியானமே போயிரும்."

பாக்கியம் போனை வைத்துவிட்டுப் பதிவேடுகள் இருந்த அலமாரிக்கு ஓடினாள். பட்டியலில் இருந்த மூன்று பேரின் தேதியைச் சொன்னேன். அவள் அந்தந்த நாளின் பக்கத்தைத் திறந்தாள்.

"அக்கா, இவரு ஏபி நெகட்டிவ்."

இரண்டாவது ஆளும் ஏபி நெகட்டிவ். மூன்றாவதும் அதுதான். கம்பெனிக்காரர்கள் ஓவை ஏபிக்கு முன்னால் போட்டிருந்தார்கள். ஏழு என்று தட்டினேன். பதினோரு பேர் வந்தார்கள். அதில் மூன்று பேரைப் பதிவேட்டில் பார்த்தோம். மூன்று பேரும் ஓ நெகட்டிவ். பத்து நிமிஷம் ஆகவில்லை, ஏழு நிமிஷம்தான் ஆனது.

பதினோரு பேரில் நான்கு பேர் ரத்தம் கொடுத்து மூன்று மாதம் ஆகவில்லை. அவர்களை விட்டுவிட்டோம். மீதி ஏழு பேருக்கும் போன். அப்போது ஊரில் செல்போன் பரவலாக இல்லை. பாதி நம்பர் பி.பி. நம்பர், அதாவது பக்கத்து வீட்டுக்கோ கடைக்கோ போட்டு ஆளைக் கூப்பிடச் சொல்ல வேண்டும். கடம்பூரில் ஒரு போளிக் கடைக்குப் போட்டேன். கடை முதலாளி எடுத்தார்.

"ஐயா, உங்க கடைல மாரிச்சாமின்னு ஒருத்தர் இருக்காரா?"

"மாவு பெசஞ்சுக்கிட்டு இருக்கான். என்ன விசயம்?"

சொன்னேன். ரிசீவரைக் கீழே வைக்காமலே அவர் கத்தியது எனக்குக் கேட்டது. "ஏலே மாரி, கையைக் கழுவிட்டுக் கெளம்பு. கோவில்பட்டி ஆஸ்பத்திரில கூப்பிடுதாவ."

ஒருவர் ஊர் மாறிப் போயிருந்தார். ஒருவருக்குக் காய்ச்சல். இரண்டு பேரைப் பிடிக்க முடியவில்லை. மூன்று பேர் வந்தார்கள். மாரிச்சாமி, ஒரு மினி பஸ் கண்டக்டர், ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர். கண்டக்டர் தோல்பையைக் கழற்றாமலே வந்து படுத்துவிட்டார். மாரிச்சாமி கையில் ஒரு போளிப் பொட்டலம் இருந்தது. முதலாளி கொடுத்துவிட்டாராம், பிள்ளை பெறப்போகிற வீட்டுக்கு. பாக்கியம் அதை வாங்கிப் பிரித்து, ரத்தம் கொடுத்து முடித்த மூன்று பேருக்கும் அதையே சாப்பிடக் கொடுத்தாள்.

மூன்று பேருடைய வகையையும் பாக்கியம் புதிதாகச் சோதித்தாள். மற்றப் பரிசோதனைகளும் முடிந்த பிறகுதான் பைகள் மேலே போயின. என் பட்டியல் ஆளைக் கூப்பிடுவதற்கு மட்டும்தான், ரத்தத்தை நம்புவதற்கு இல்லை என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அது சரிதான்.

மாலை ஐந்தரைக்கு நர்ஸ் இறங்கி வந்து சொன்னாள். பெண் குழந்தை. தாய்க்கு நான்கு பையும் ஏறிவிட்டது, நன்றாக இருக்கிறாள். பாக்கியம் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

அண்ணாச்சி அடுத்த நாள் காலையில் ரத்த வங்கிக்கு நேரில் வந்தார். அவர் அங்கே வந்ததே அபூர்வம். திரையைக் காட்டச் சொன்னார். ஊர் பெயரைத் தட்டிக் காட்டினேன், வகையைத் தட்டிக் காட்டினேன். கைகட்டி நின்று பார்த்தார்.

"இதுக்கு வருசா வருசம் யார்ட்டயாவது கேட்டுத் தொறக்கணுமா?"

"யார்ட்டயும் கேக்க வேண்டாம் அண்ணாச்சி."

"அப்ப அந்தக் கம்பெனிக்கு வேண்டாம்னு நானே எழுதிப் போடுதேன்."

அப்படியே எழுதினார். மே மாத முடிவில் என் நிரல் முழுதாக ஓடத் தொடங்கியது. இரண்டு வாரம் அதையும் நோட்டையும் சேர்த்தே நடத்தினோம். ஒரு பை வித்தியாசம்கூட இல்லை என்று தெரிந்த பிறகுதான் நோட்டைக் குறைத்தோம். காலாவதிப் பட்டியல் எந்த நாளாவது காலியாக வந்தால், கம்ப்யூட்டரின் தேதியைச் சரிபார்க்கவும் என்று திரையில் பெரிய எழுத்தில் வரும்படி செய்தேன். ஜூலையில் இரண்டாவது குளிர்சாதனப் பெட்டி வந்து இறங்கியது. ஆறு கம்ப்யூட்டரில் ஒன்றுகூடக் குப்பைக்குப் போகவில்லை. எல்லாம் இன்னும் ஆறு வருஷம் உழைத்தன.

இரண்டு வருஷம் கழித்து, பக்கத்து மாவட்டத்து மருத்துவமனை ஒன்றிலிருந்து கம்ப்யூட்டர் பார்ப்பவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவர்கள் எல்லாவற்றையும் மாற்றி அந்தப் புதிய பதிப்பை வாங்கியவர்கள். கையில் ஒரு கடிதம் வைத்திருந்தார். அந்தப் பதிப்புக்கும் ஆதரவு முடிந்ததாம். நல்ல கம்ப்யூட்டர்கள், இரண்டே வருஷத்தில் மறுபடியும் குப்பைக்கு. என் நிரலை ஒரு ஃப்ளாப்பியில் போட்டு, அதன் மூல வரிகளையும் அச்சடித்துக் கொடுத்தேன். எந்த வரி எதற்கு என்று தமிழில் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். "உங்களுக்கு வேணுங்கிற மாதிரி மாத்திக்கிடுங்க" என்றேன். அவர் பிறகு இன்னொருவருக்குக் கொடுத்தார். அது மொத்தம் நான்கு மருத்துவமனைகளில் ஓடியது என்று பின்னால் தெரிந்தது.

என் நிரலுக்கும் விடைபெறும் நாள் ஒன்று வந்தது. இணையத்தோடு இணைந்த புதிய ஏற்பாடு வந்தபோது, மாற்றத்தான் வேண்டும் என்று நானே சொன்னேன். பழையது என்பதற்காக எதையும் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. மாற்றும் நாளை நாம் முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். புதிய கம்பெனியிலிருந்து வந்த இளைஞர் பதினைந்து நாள் தங்குவதற்குத் துணிமணியோடு வந்திருந்தார். மற்ற இடங்களில் விவரங்களை மாற்ற அவ்வளவு ஆகுமாம். என் கோப்புகளையும், ரத்த வகை எண்களுக்கான விளக்கத் தாளையும் கொடுத்தேன். காலை ஒன்பதரைக்குத் தொடங்கினார். பன்னிரண்டு மணிக்கு நிமிர்ந்து பார்த்தார்.

"மேடம், எல்லாம் வந்துருச்சு. இவ்வளவு சீக்கிரம் எங்கயுமே முடிஞ்சதில்ல."

பாக்கியம் நம்பவில்லை. பழைய திரையையும் புதிய திரையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல், ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். மூன்று மணிக்குத்தான் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். நான் பழைய கம்ப்யூட்டரை அணைத்தேன்.

"வருத்தமா இல்லையாக்கா? நீங்க எழுதினது."

"இல்லட்டி" என்றேன். "ஒரு பேருகூட விடுபடல. பாத்தேல்லா?"